எத்தனை அளவு தெரிந்தால் போதும்? கடற்கரையில் கொஞ்சம் வடிவியல்

பாம்பன் பக்கத்தில் மாலை நேரத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அவர்களிடம் முக்கோணம் எத்தனை வகைப்படும் என்று கேட்டால் பதில் மடமடவென்று வரும். பக்கத்தை வைத்துச் சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம் என்பார்கள். கோணத்தை வைத்துக் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் என்பார்கள். அதே பிள்ளைகளிடம் ஒரு முக்கோணத்தை வரைந்து காட்டி, "இதை நேரில் பார்க்காத ஒருவன் இதே முக்கோணத்தை அச்சு அசலாக வரைய வேண்டும், அவனிடம் தொலைபேசியில் எத்தனை அளவு சொன்னால் போதும்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. சிறிது நேரம் கழித்து யாராவது ஒருவர், மூன்று பக்கம், மூன்று கோணம், ஆக ஆறு என்பார். மூன்று போதும், ஆனால் எந்த மூன்றாக இருந்தாலும் போதாது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

கோடு, கோணம், முக்கோணம் என்ற மூன்று பாடங்களுக்கும் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஒன்றை நிலைநிறுத்த எவ்வளவு தெரிந்தால் போதும் என்பதைக் கண்டுகொண்டால், மீதியைப் போய் அளக்க வேண்டியதில்லை. அது தானாகவே கிடைத்துவிடும். வகைப் பெயர்களை மனப்பாடம் செய்வதில் பிழையில்லை. ஆனால் பெயர்களோடு பாடம் முடிந்துவிடுவதால்தான், வீட்டுப் பெரியவர்கள் அன்றாடம் கடலில் வடிவியலைக் கையாண்டுகொண்டிருக்கும் ஊரிலேயே பிள்ளைகளுக்கு அது எங்கோ இருந்து வந்த பாடமாகத் தெரிகிறது.

முதலில் கோடு. இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் செல்லும்; ஒன்றுக்கொன்று இணையாக இல்லாத இரண்டு நேர்கோடுகள் ஒரே தளத்தில் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டிக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் இவ்விரண்டு வாக்கியங்களும் ஒரே வரியில் கடந்து போய்விடும். மன்னார் வளைகுடாவில் மீன் பிடிப்பவர்களுக்கு இவை சோற்றுக்கான வழி. கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டுகளைப் பார் என்கிறோம். மீன் அண்டுவது அங்கேதான். மேலே பார்த்தால் எங்கும் ஒரே தண்ணீர். அடியில் இருக்கும் பாருக்கு மேலே கொடி நட்டு வைக்க முடியாது. அப்படியிருக்க, அதே இடத்துக்கு வள்ளத்தை மறுபடியும் கொண்டுபோய் நிறுத்துவது எப்படி என்று எங்கள் தெருவில் உள்ள ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"கரையில ரெண்டு சோடி அடையாளம் போதும் தம்பி. இந்தச் சோடியும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறையணும், அந்தச் சோடியும் மறையணும். ரெண்டும் ஒரே நேரத்துல மறைஞ்சா பாரு காலுக்குக் கீழதான்" என்றார்.

அவர் சொன்னதைக் கணக்கின் மொழியில் பிரித்துப் பார்க்கலாம். கரையில் ஒரு தேவாலயத்தின் சிலுவையும் அதற்கு முன்னால் நிற்கும் ஓர் ஒற்றைப் பனையும் கண்ணுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், அவை இரண்டும் நம் கண்ணும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன என்று பொருள். அந்த இரண்டு புள்ளிகளும் ஒரு கோட்டைத் தீர்மானித்துவிட்டன. வள்ளம் அந்தக் கோட்டின்மேல் எங்கோ இருக்கிறது. எங்கே என்பது இன்னும் தெரியாது. மேற்கே ஒரு தீவின் முனையும் அதற்குப் பின்னால் தொலைவில் தெரியும் கைப்பேசிக் கோபுரமும் சேர்ந்து இரண்டாவது கோட்டைத் தருகின்றன. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று. நான்கு அடையாளங்கள், இரண்டு கோடுகள், ஒரு புள்ளி. தூரம் ஒன்றைக்கூட அளக்கவில்லை.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். இரண்டு சோடியும் ஒரே பக்கத்தில் இருந்தால் இடம் சரியாக நிற்காதாம். ஒன்று வடக்கே இருந்தால் மற்றது மேற்கேயோ கிழக்கேயோ இருக்க வேண்டுமாம். இதற்கான காரணம் கோணத்தில் இருக்கிறது. ஒரு கோட்டைக் கணிப்பதில் நாம் 10 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் பிசகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கோடுகளும் செங்கோணத்தில் வெட்டினால், வெட்டும் புள்ளியும் 10 மீட்டர்தான் நகரும். அவை 30 பாகையில் வெட்டினால் அதே பிசகு 20 மீட்டராகிவிடும். 10 பாகையில் வெட்டினால் ஏறக்குறைய 58 மீட்டர் ஆகும். அதற்குள் பார் எங்கோ, வள்ளம் எங்கோ என்றாகிவிடும். கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாகிவிட்டால் வெட்டும் புள்ளியே இராது. தாளில் இரண்டு கோடுகளை வெவ்வேறு கோணங்களில் வெட்டுமாறு வரைந்து, அவற்றில் ஒன்றை மட்டும் அரை சென்டிமீட்டர் தள்ளி மறுபடி வரைந்து பார்க்கச் சொன்னால், எந்தப் பிள்ளைக்கும் இது ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

இன்று பெரும்பாலான படகுகளில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. அதுவும் இதே வேலையைத்தான் வேறு வழியில் செய்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிலிருந்து வரும் குறிப்பலைகளின் நேர வேறுபாட்டைக் கொண்டு தூரங்களைக் கணித்து, அந்தத் தூரங்கள் அனைத்தும் பொருந்தும் ஒரே இடத்தைக் காட்டுகிறது. அதிலும் செயற்கைக்கோள்கள் வானில் ஒரே பக்கமாகக் குவிந்திருந்தால் இடத்தின் துல்லியம் குறையும். பெரியவரின் எச்சரிக்கை அங்கேயும் செல்லுபடியாகிறது.

கோணத்துக்கு வருவோம். பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பிடிவாதமான தவறான எண்ணம் இருக்கிறது. கதிர்களை நீளமாக வரைந்தால் கோணம் பெரியது, குட்டையாக வரைந்தால் சிறியது என்று நினைக்கிறார்கள். கோணம் என்பது ஒரு கதிரிலிருந்து இன்னொரு கதிருக்கு எவ்வளவு திரும்புகிறோம் என்பதுதான். கதிரின் நீளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பத்து முறை சொன்னாலும் ஏறாது. நான் இப்போதெல்லாம் பாகைமானியை எடுப்பதற்கு முன் கையை நீட்டச் சொல்கிறேன். கையை முழுவதுமாக முன்னே நீட்டி, விரல்களை மடக்கி, ஒற்றைக் கண்ணால் பார்த்தால், மடக்கிய கை மறைக்கும் கோணம் ஏறத்தாழ 10 பாகை. பெரியவர்கள் கையை மடக்கினால் அகலம் 10 சென்டிமீட்டர் அளவும், கண்ணிலிருந்து தூரம் 60 சென்டிமீட்டர் அளவும் இருக்கும். சிறுவனின் கை சிறியது, ஆனால் அவன் கையின் நீளமும் குறைவு. அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அப்பாவுக்கும் மகனுக்கும் அதே 10 பாகைதான். நீளம் வேறு, கோணம் வேறு என்பது இப்படித் தங்கள் கையிலேயே தெரிந்தபின் பிள்ளைகள் மறப்பதில்லை.

இந்த அளவைக் கற்றுக்கொண்டவன் மேகமில்லாத இரவில் வடக்கே பார்த்தால் ஒன்றைக் காணலாம். நம் கரையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ ஒரு மடக்கிய கை உயரத்தில்தான் நிற்கிறது. ராமேசுவரத்தின் அட்சரேகை ஏறத்தாழ 9 பாகை 17 கலை (ஒரு பாகையை 60 கூறாக்கினால் அதில் ஒரு கூறு கலை). துருவ நட்சத்திரத்தின் உயரக் கோணம் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருக்கும் என்பது பூகோளப் பாடத்தில் வரும் செய்தி. ஏன் சமம் என்பதை இணைகோடுகளும் ஒரு குறுக்குவெட்டியும் சொல்லிவிடுகின்றன.

பூமியின் மையத்திலிருந்து வட துருவத்தை நோக்கிச் செல்லும் அச்சை வானில் நீட்டினால் அது துருவ நட்சத்திரத்துக்கு மிக அருகே போகும். நாம் நிற்கும் கரையிலிருந்து அதே நட்சத்திரத்தை நோக்கி இன்னொரு கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் இருக்கும் தொலைவை நோக்கப் பூமியின் பருமன் ஒன்றுமில்லை என்பதால் இவ்விரண்டு கோடுகளையும் இணைகோடுகளாகவே கொள்ளலாம். பூமியின் மையத்திலிருந்து கிளம்பி நம் காலடி வழியாக உச்சந்தலைக்கு மேலே செல்லும் கோடு இவை இரண்டையும் வெட்டும் குறுக்குவெட்டி. ஆகவே பூமியின் மையத்தில் குறுக்குவெட்டிக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள கோணமும், கரையில் நம் உச்சிக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலுள்ள கோணமும் ஒத்த கோணங்கள், எனவே சமம். அட்சரேகை நிலநடுக்கோட்டிலிருந்து அளக்கப்படுவது, அச்சோ நிலநடுக்கோட்டுக்குச் செங்குத்து. ஆகவே மையத்தில் உள்ள அந்தக் கோணம் 90 பாகையிலிருந்து அட்சரேகையைக் கழித்தால் வருவது. கரையில் அடிவானம் உச்சிக்குச் செங்குத்து. ஆகவே 90 பாகையிலிருந்து அதே கோணத்தைக் கழித்தால் நட்சத்திரத்தின் உயரம் வரும். இரண்டு முறை கழித்ததில் அட்சரேகையே திரும்பி வந்துவிடுகிறது.

பழைய மாலுமிகள் இதைத்தான் ஒரு சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் வைத்துச் செய்தார்கள். அரபு மாலுமிகள் அதைக் கமால் என்றார்கள். சோழமண்டலக் கரையில் இராப்பலகை என்ற பெயர் இருந்தது. கயிற்றின் முடிச்சைப் பல்லில் கடித்துப் பலகையை முன்னே நீட்டி, பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்திலும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் பொருந்தினால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சரேகையில் கப்பல் இருக்கிறது. அவர்களின் கோண அளவு விரல். ஒரு விரல் ஏறத்தாழ 1 பாகை 36 கலை. ராமேசுவரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் அட்சரேகையில் உள்ள வேறுபாடு கிட்டத்தட்ட ஒரு விரல்தான். கீழக்கரை மரைக்காயர்களின் கப்பல்கள் வணிகம் செய்த கடலில் இந்த ஒரு விரலுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் இந்தக் கருவி தருவது ஓர் அளவு மட்டுமே. வடக்கு தெற்கில் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும். கிழக்கு மேற்கில் எங்கே என்று சொல்லாது. ஓர் அளவால் ஒரு கோடு கிடைக்கும், புள்ளி கிடைக்காது.

இனி முக்கோணம். சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. தென்னை ஈர்க்குச்சி நான்கை எடுத்து, சீமைக் கருவேல முள்ளால் மூலைகளில் குத்தி ஒரு சதுரம் செய்யச் சொல்வேன். எங்கள் மாவட்டத்தில் வேறு எதற்குப் பஞ்சம் இருந்தாலும் கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சதுரத்தின் ஒரு மூலையை விரலால் மெல்லத் தள்ளினால் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். இன்னும் தள்ளினால் குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிடும். நான்கு பக்கங்களின் நீளமும் மாறவில்லை, உருவம் மாறிவிட்டது. இப்போது மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் செய்து அதையும் தள்ளச் சொல்வேன். அசையாது. அழுத்தினால் குச்சி ஒடியுமே தவிர மூலை நகராது. பிறகு சாய்ந்த சதுரத்துக்குள் மூலைவிட்டமாக ஒரு குச்சியைக் குத்தினால் அதுவும் இறுகி நின்றுவிடும். ஏனென்றால் அது இப்போது இரண்டு முக்கோணங்கள்.

மூன்று பக்கங்கள் தெரிந்தால் முக்கோணம் ஒன்றே ஒன்று என்ற சர்வசமக் கொள்கை இதுதான். அந்த மூன்றில் எந்த இரண்டைக் கூட்டினாலும் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் உண்டு. 2, 3, 6 சென்டிமீட்டர் குச்சிகளை வைத்துக்கொண்டு யாராலும் முக்கோணம் செய்ய முடியாது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நடுவே கப்பல்களுக்காகத் திறந்த ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதியின் படத்தை எடுத்துப் பார்த்தால், இரும்புச் சட்டங்கள் முழுவதும் முக்கோணம் முக்கோணமாகவே இணைந்திருப்பது தெரியும். அந்தப் பகுதி இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில் சாய்ந்து எழுந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுகிறது. எழும்போதும் தன் பழைய நிலைக்கு இணையாகவே இருக்கிறது. கோணம் மாறி வழிவிடுவது ஒரு முறை, கோணம் மாறாமல் வழிவிடுவது இன்னொரு முறை. இணைகோடு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியதில்லை.

வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது கொத்தனார் செய்வதும் மூன்று பக்கக் கணக்குத்தான். மூலைமட்டம் சின்னக் கருவி; முப்பது அடிச் சுவருக்கு அது மட்டும் போதாது. மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும் மற்ற நூலில் 4 அடியும் குறித்துக்கொண்டு, இரண்டு குறிகளுக்கும் இடையில் சரியாக 5 அடி வரும்வரை ஒரு நூலை நகர்த்துவார். 9-ம் 16-ம் சேர்ந்தால் 25 என்பதால் 3, 4, 5 பக்கமுள்ள செங்கோண முக்கோணம் ஒன்று உண்டு. மூன்று பக்கங்களுக்கு ஒரே முக்கோணம்தான் என்பதால், அந்த மூன்று நீளங்களும் அமைந்த பிறகு மூலைக்குச் செங்கோணமாவதைத் தவிர வேறு வழியில்லை. பிள்ளைகள் பிதாகரசு தேற்றத்தையும் அதன் மறுதலையையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கொத்தனாருக்கு வேண்டியது மறுதலைதான்: பக்கங்கள் அப்படி அமைந்தால் கோணம் செங்கோணம்.

இங்கே பிசகு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 5 அடி இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குலம் கூடிவிட்டால் கோணம் 90-க்குப் பதிலாக ஏறத்தாழ 91 பாகை ஆகிவிடும். ஒரு பாகைதானே என்று விட்டால், 30 அடி தள்ளிச் சுவர் ஆறு அங்குலத்துக்கு மேல் விலகி நிற்கும். தரைக்கு ஓடு பதிக்கும் நாளில்தான் அது தெரியவரும். 3, 4, 5 என்பதற்குப் பதிலாக 6, 8, 10 அடி என்று வைத்து அளந்தால் அதே அரை அங்குலப் பிசகுக்குக் கோணப் பிழை பாதியாகிவிடும். நல்ல கொத்தனார்கள் பெரிய அளவையே எடுக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்த முக்கோணம். போக முடியாத இடத்தை அது அளந்து கொடுத்துவிடும். கடலில் நிற்கும் கப்பலின் தூரத்தைக் கரையிலிருந்தே கண்டறிய இந்த முறையைத் தேல்ஸ் பயன்படுத்தியதாகக் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் புரோக்ளஸ் எழுதியிருக்கிறார். தேல்ஸ் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் மிலேட்டஸ் என்ற துறைமுக நகரில் வாழ்ந்த கிரேக்க அறிஞர். அவர் எப்படிச் செய்திருக்கக்கூடும் என்பதற்கு அறிஞர்கள் பல வழிகளைச் சொல்கிறார்கள். அவற்றுள் ஒன்று பாகைமானிகூட இல்லாமல் செய்யக்கூடியது.

நமக்கு நேரெதிரே கடலில் ஒரு விசைப்படகு நங்கூரமிட்டு நிற்கிறது. நாம் நிற்கும் இடத்தில் ஒரு குச்சியை நட வேண்டும். படகை நோக்கிய கோட்டுக்குச் செங்குத்தாகக் கரையோரமாகவே நூறு தப்படி நடந்து இரண்டாவது குச்சியை நட வேண்டும். அதே கோட்டில் இன்னும் நூறு தப்படி நடந்து, அங்கே கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, உள்நாட்டுப் பக்கமாகச் செங்குத்தாக நடந்துகொண்டே அவ்வப்போது திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டாவது குச்சியும் படகும் ஒரே நேராகத் தெரியும் இடத்தில் நின்றுவிட வேண்டும். கரையிலிருந்து உள்ளே நடந்த தூரம்தான் படகின் தூரம். இரண்டு முக்கோணங்களிலும் ஒரு செங்கோணம் இருக்கிறது; இரண்டாவது குச்சி இருக்கும் இடத்தில் உள்ளவை குத்தெதிர்க் கோணங்கள், ஆகவே சமம்; அவற்றுக்கு இடைப்பட்ட பக்கம் இரண்டிலும் நூறு தப்படி. முக்கோணங்கள் சர்வசமம். கடலில் கிடந்த முக்கோணத்தை அப்படியே திருப்பிக் கரையில் போட்டுவிட்டோம்.

இதை தனுஷ்கோடியில் செய்ய முடியாது என்று ஒரு மாணவி உடனே சொல்லிவிட்டாள். அரைக் கிலோமீட்டர் உள்ளே நடந்தால் அந்தப் பக்கத்துக் கடலில் இறங்க வேண்டியிருக்கும் என்பது அவள் வாதம். அதற்கும் வழி இருக்கிறது. இரண்டாவது குச்சிக்கு அப்பால் நூறு தப்படிக்குப் பதில் பத்துத் தப்படி மட்டும் நடந்தால் போதும். அப்போது கரையில் கிடைப்பது கடல் முக்கோணத்துக்கு வடிவொத்த முக்கோணம், பத்தில் ஒரு பங்கு அளவில். உள்ளே நடந்ததைப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் பிசகும் பத்து மடங்காகும் என்பதை மறக்கக் கூடாது.

பாகைமானி இருந்தால் நோட்டிலேயே அளந்துவிடலாம். கரையில் 200 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்கள். படகை நோக்கி ஓரிடத்தில் 80 பாகை, மற்ற இடத்தில் 85 பாகை. 1 சென்டிமீட்டருக்கு 50 மீட்டர் என்று வைத்து 4 சென்டிமீட்டரில் அடிக்கோடு வரைந்து, இரு முனைகளிலும் அந்தக் கோணங்களை வரைந்தால், கோடுகள் வெட்டும் இடம் முதல் முனையிலிருந்து ஏறத்தாழ 15.4 சென்டிமீட்டரில் இருக்கும். படகு 770 மீட்டர் தொலைவில் இருக்கிறது. இதில் 80 பாகையை 81 என்று தவறாகப் படித்துவிட்டால் விடை ஐம்பது மீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. அடிக்கோட்டை 600 மீட்டராக நீட்டி அதே படகை அளந்தால், அதே ஒரு பாகைப் பிழைக்கு விடை 15 மீட்டர் அளவே மாறும். ஒடுங்கிய முக்கோணம் ஏமாற்றும். பாரைப் பற்றிப் பேசிய பெரியவர் சொன்ன அதே சங்கதி.

சில மூன்றுகள் போதாது என்றேன். இரண்டு பக்கமும் அவற்றுக்கு இடையிலுள்ள கோணமும் போதும். ஆனால் கோணம் இடையில் இல்லாமல் வேறு மூலையில் இருந்தால் சிக்கல் வரலாம். மணலில் ஒரு நேர்கோடு இழுத்து, அதன் ஒரு முனையிலிருந்து 30 பாகைச் சாய்வில் 10 அடி தள்ளி ஒரு குச்சியை நட்டு, அந்தக் குச்சியில் 6 அடிக் கயிற்றைக் கட்டிச் சுழற்றினால், கயிற்றின் நுனி மணலில் இழுத்த கோட்டை இரண்டு இடங்களில் வெட்டும். ஒரே அளவுகளுக்கு இரண்டு முக்கோணங்கள். கயிறு சரியாக 5 அடியாக இருந்தால் ஒரே இடத்தில் தொடும். அதைவிடக் குறைந்தால் எட்டவே எட்டாது.

மூன்று கோணங்கள் மட்டும் தெரிந்தாலும் போதாது. வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது. ஆனால் அதோடு ஒரே ஒரு நீளம் சேர்ந்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும். பனையின் உயரத்தை நிழலால் அளப்பது இதனால்தான் முடிகிறது. ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டராக இருக்கும் அதே வேளையில் பனையின் நிழல் 12 மீட்டர் என்றால் பனை 15 மீட்டர். கதிரவனின் ஒளிக்கதிர்கள் இணையாக வருவதால் இரண்டு முக்கோணங்களின் கோணங்களும் சமம். எங்கள் ஊரில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: சித்திரை பிறப்பை ஒட்டிய ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும்; அப்போது குச்சிக்கும் நிழல் இருக்காது, பனைக்கும் இருக்காது.

ஒரு முக்கோணத்தில் இரண்டு கோணங்கள் தெரிந்தால் மூன்றாவதை அளக்க வேண்டாம், ஏனெனில் மூன்றின் கூடுதல் 180 பாகை. தாளில் முக்கோணம் வெட்டி மூலைகளைக் கிழித்து ஒட்டிக் காட்டுவது வகுப்பில் வழக்கம். அது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நிரூபணம் ஆகாது. 179-ஐயும் 180-ஐயும் கிழித்த தாள் பிரித்துக் காட்டாது. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்தால் போதும். அடிப்பக்கத்தின் இரு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக மேலே வந்து உச்சிக் கோணத்தின் இரு பக்கத்திலும் அமர்ந்துகொள்கின்றன. மூன்றும் சேர்ந்து ஒரு நேர்க்கோணம். யூக்ளிட் கி.மு. 300-ஐ ஒட்டி எழுதியபோதும் இணைகோட்டைக் கொண்டே இதை நிறுவினார்.

அந்த இணைகோடு இல்லாத இடத்தில் 180-ம் இல்லை. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதன் பிறகு பெரும்பாலும் கோணங்களை மட்டும் அளந்து, ஒரு பக்கத்திலிருந்து அடுத்த முக்கோணம், அதன் பக்கத்திலிருந்து இன்னொன்று என்று தெற்கே குமரி வரைக்கும் வடக்கே பல நூறு கிலோமீட்டருக்கும் முக்கோணச் சங்கிலியைக் கொண்டுபோனார். சேர்த்த பிழையைச் சரிபார்க்க இடையிடையே புதிய அடிக்கோடுகளையும் அளந்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்கியதும், அவரே அதைப் பழுதுபார்த்து மீண்டும் பயன்படுத்தியதும் பலரும் அறிந்த கதை.

அவருடைய முக்கோணங்கள் பெரியவை, பூமி உருண்டை. உருண்டையின்மேல் வரைந்த முக்கோணத்தில் மூன்று கோணங்களின் கூடுதல் 180-ஐ விடச் சற்றுக் கூடும். பரப்பு ஏறத்தாழ 196 சதுர கிலோமீட்டராக இருந்தால் ஒரு விகலை கூடும். ஒரு பாகையை 3600 கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் விகலை. நில அளவையாளர்கள் இந்த மிகையைக் கணக்கிட்டுக் கழித்த பிறகே மீதியைத் தங்கள் கருவியின் பிழையாகக் கொண்டார்கள். பாம்பன், ராமேசுவரம் கோயில், அரிச்சல்முனை ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைந்தாலும் மிகை ஒரு விகலையைத் தொடாது. பிள்ளைகளின் வடிவியல் பெட்டியில் உள்ள பாகைமானி அரைப் பாகையையே தட்டுத்தடுமாறித்தான் காட்டுகிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் 180 என்று எழுதினால் முழு மதிப்பெண் உண்டு.